1995இல் பிள்ளையார் பால் குடித்த அன்று உங்கள் வீட்டில் யார் போய்ப் பார்த்தார்கள்?

1. கூழாங்கல்

1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. விடிவதற்கு முன்னால் டெல்லியில் கிளம்பிய செய்தி மதியத்துக்குள் கும்பகோணத்துக்கு வந்துவிட்டது. எங்கள் தெருமுனைப் பிள்ளையாருக்கு அப்படி ஒரு கூட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அத்தை சொம்பில் பாலும் கையில் ஸ்பூனுமாகக் கிளம்பிவிட்டாள். மாமா கறுப்புச் சட்டைக்காரர். திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "வந்துதான் பாருங்களேன்" என்றாள் அத்தை. "பார்க்க என்ன இருக்கு? கல் பால் குடிக்காது" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

நான் அத்தையோடு போனேன். தும்பிக்கையில் வைத்த ஸ்பூனில் பால் குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன். வயிற்றுக்குக் கீழே மெல்லிசாக வழிந்து தரையில் சேர்வதையும் பார்த்தேன். அத்தையிடம் காட்டினேன். "அது காலைல பண்ணின அபிஷேகப் பால்டா" என்று என் விரலைத் தட்டிவிட்டாள்.

முப்பது வருஷமாக இந்தக் கேள்வி என்னோடு கிடக்கிறது. அத்தை எழுந்து போனாள், ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்க்க மறுத்தாள். மாமா சொன்னது சரி, ஆனால் எழுந்தே போகவில்லை. இரண்டு பேரில் யாருக்கு மனசு திறந்திருந்தது? உங்கள் வீட்டில் அன்றைக்கு என்ன நடந்தது என்றும் எழுதுங்கள்.

2. நெம்புகோல்

மாமா மேல் என்ன தப்பு? நான் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவன். ஸ்பூனில் விளிம்பு வரை பால் இருக்கிறது, அதை ஈரமான கல்லில் ஒட்டி வைக்கிறீர்கள். பரப்பு இழுவிசை பாலைக் கல்லோடு இழுத்துக்கொள்ளும். ஒரு தடவை பிடித்துக்கொண்டால் மெல்லிய படலமாகக் கீழே ஓடும். ஏற்கெனவே பாலில் நனைந்த சிலையில் அந்தப் படலம் கண்ணில் படாது. இது தெரிந்தவர் வெயிலில் போய் வரிசையில் நிற்க வேண்டுமா?

நிற்காமலே ஓடும் இயந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று வருஷத்துக்கு ஒருவராவது எங்கள் பள்ளிக்கு வருகிறார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. இதற்காக என்னை மூடிய மனசுக்காரன் என்றால் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

3. தெற்குவீதி

நெம்புகோல் சார், நான் தினம் திருநீறு பூசுகிற ஆள். அன்றைக்கு நானும் போகவில்லை. என் சிவனுக்கு ஸ்பூன் தேவையில்லை என்று நினைத்ததால் போகவில்லை, அது வேறு விஷயம்.

உங்கள் விளக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது எப்படிக் கிடைத்தது என்று யோசியுங்கள். மத்திய அரசின் அறிவியல் துறையிலிருந்து ஆட்கள் கோயிலுக்கே போனார்கள். பாலில் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். சாயம் சிலையின் மேல் வழிந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பக்கத்தைத் திருப்பவில்லை. மாமா "கல் பால் குடிக்காது" என்றாரே தவிர, ஸ்பூனில் பால் ஏன் குறைகிறது என்று சொல்லவில்லை. விடை சரி, கணக்குப் போடவில்லை. உங்கள் மாணவன் இப்படி எழுதினால் எத்தனை மார்க் போடுவீர்கள்?

4. நெம்புகோல்

ஐந்துக்கு ஒன்று. சரி, அடி விழுந்துவிட்டது.

இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். உறுதி வேறு, முழு உறுதி வேறு. ரிச்சர்ட் டாக்கின்ஸ் 2006இல் வந்த தன் புத்தகத்தில் ஒரு அளவுகோல் போட்டார். 1 என்றால் கடவுள் உண்டென்று துளிச் சந்தேகம் இல்லாதவர், 7 என்றால் இல்லவே இல்லை என்பவர். தன்னை எங்கே வைத்தார் தெரியுமா? ஆறில், ஏழை நோக்கிச் சாய்ந்தபடி. உலகமே கடும் நாத்திகர் என்று சொல்கிற ஆள் ஏழாவது படியில் ஏறவில்லை. முதல் படியில் உட்கார்ந்திருக்கும் பக்தர்கள் எத்தனை கோடி?

5. வழிப்போக்கன்2

எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்பது அறிவு. வள்ளுவர் அன்றே சொல்லிவிட்டார். இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

6. பனங்கிழங்கு

ஐந்தாவது பதிவிலேயே 423ஆம் குறள் வந்துவிட்டது! நான் பத்தாவதுக்குப் பிறகுதான் வரும் என்று நினைத்திருந்தேன்.

தம்பி, அந்தக் குறளில் எல்லோருக்கும் முதல் பாதிதான் பிடிக்கும். யார் சொன்னாலும் கேட்பேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. "மெய்ப்பொருள் காண்பது" என்கிற பாதி, கேட்டுவிட்டு ஒரு முடிவுக்கு வா என்கிறது. அதில்தான் வேலை இருக்கிறது.

நான் யாழ்ப்பாணத்து ஆள், இப்ப டொரன்டோ. எங்கட ஊரில் இந்தக் கதை வந்தால் கோவூரின் பெயர் வராமல் இராது. ஆபிரகாம் கோவூர் கேரளத்தில் பிறந்து இலங்கைக்கு வந்து தாவரவியல் படிப்பித்தவர். 1963இல் ஒரு லட்சம் ரூபாய்ச் சவால் விட்டார். முத்திரை வைத்த உறைக்குள் இருக்கும் பணத்தாளின் இலக்கத்தைச் சொல்லுங்கோ, இன்னும் இதுபோல ஏதாவது ஒன்றை ஏமாற்று இல்லாமல் செய்து காட்டுங்கோ, காசு உங்களுக்கு என்றார். 1978இல் அவர் சாகும்வரைக்கும் ஒருவரும் அந்தக் காசை வாங்கவில்லை.

அவர் பேச்சு கடுமை. சாமியார்களை வைத்து அவர் அடித்த நக்கலைக் கேட்டால் பக்தி உள்ளவனுக்குக் கோபம் வரும், என் அப்பருக்கு வந்தது. ஆனால் எது நடந்தால் தான் பிழை என்று ஒப்புக்கொள்வேன் என்பதை முதலிலேயே எழுதி, அதற்குக் காசையும் கட்டி வைத்த மனுசன். மென்மையாகக் கதைக்கிற எத்தனை பேர் அதைச் செய்வார்கள்?

7. பரங்கிமலை

எங்கள் ஏரியாவைப் பற்றி ஒரு சின்ன விஷயம். மெட்ரோ ஸ்டேஷன் பலகையில் "செயின்ட் தாமஸ் மவுண்ட்" என்று தினமும் படித்துவிட்டுப் போகிறோம். அந்தத் தோமையார் யார்? சிலுவையில் அறையப்பட்டவர் உயிரோடு வந்தார் என்று கூட இருந்தவர்கள் சொன்னபோது, ஆணிக் காயத்தில் என் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று சொன்னவர். பன்னிரண்டு சீடர்களில் சந்தேகத்துக்குப் பெயர் போனவர். அவர் இந்த மலையில் உயிர்விட்டார் என்பது எங்கள் பரம்பரை நம்பிக்கை.

நான் கத்தோலிக்கன். சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் அவரைக் கொஞ்சம் மட்டமாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். காணாமல் விசுவசிப்பவர்கள் பேறுபெற்றவர்கள் என்ற வரியோடு பாடம் முடிந்துவிடும். நாற்பது வயதுக்குப் பிறகு யோவான் நற்செய்தியில் அந்தப் பகுதியைத் திரும்பப் படித்தேன். இயேசு தோமாவை விரட்டவில்லை. முதலில் "உன் விரலை இங்கே கொண்டு வா" என்கிறார். கண்டிப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது.

அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் புத்தகமாக வந்தன. பல பத்தாண்டுகள் கடவுள் தன்னோடு இல்லை என்ற இருட்டில் இருந்ததாக எழுதியிருக்கிறார். எங்கள் பங்கில் சிலருக்கு அது அதிர்ச்சி. என் மனைவிக்கு நிம்மதி. "அவங்களுக்கே அப்படின்னா நமக்கென்ன" என்றாள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நாங்கள் எல்லோரும் முதல் படியில் உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறீர்கள். படியில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறோம் சார்.

8. எள்ளுருண்டை

நான் உளவியல் படிக்கிறேன். இதைப் பற்றி 2017இல் ஒரு ஆய்வு வந்தது. பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் செய்தது. பிரிட்டன், பிரான்ஸ், ஸ்பெயின் நாட்டுக்காரர்கள் 788 பேர். மூடிய மனசு என்பதை ஒரே பொருளாக எடுத்துக்கொள்ளாமல் பிரித்து அளந்தார்கள் என்பதால் எனக்குப் பிடிக்கும்.

"என் கருத்து மாறவே மாறாது" என்கிற மாதிரி வாக்கியங்களோடு தாங்கள் எவ்வளவு ஒத்துப்போகிறோம் என்று அவர்களே சொல்ல வேண்டும். இதில் நம்பிக்கையில்லாதவர்கள் மதநம்பிக்கையாளர்களைவிடக் குறைவான பிடிவாதம் காட்டினார்கள். ஆனால் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு கருத்துகளில் இரண்டிலும் ஏதோ இருக்கலாம் என்று ஏற்பதிலும், எதிராளி நிலையிலிருந்து யோசிப்பதிலும் நம்பிக்கையாளர்கள் கொஞ்சம் தாராளமாக இருந்தார்கள். ஆக "என் மனசு திறந்தது" என்று சொல்வதும், அப்படி நடந்துகொள்வதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

அது ஐரோப்பா. நம் ஊரில் நாத்திகம் சாதி எதிர்ப்போடு சேர்ந்து வந்தது, அதனால் இதை அப்படியே தூக்கி இங்கே பொருத்தக்கூடாது.

9. நெம்புகோல்

அந்த இரண்டாவது அளவு எனக்கு உறுத்துகிறது. எதிரெதிர்க் கருத்துகளைச் சகிக்காதது எப்போது குறையானது? பாலைப் பிள்ளையார் குடித்தார், பால் தரையில் ஓடியது. இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்று பெருந்தன்மையாகத் தலையாட்டினால் அதற்குப் பெயர் திறந்த மனசா, யோசிக்கச் சோம்பலா? கணக்கில் முரண்பாடு வந்தால் எங்கோ தப்பு என்று அர்த்தம்.

மூன்றாவது அளவை மறுக்க மாட்டேன். எதிராளி நிலையிலிருந்து யோசி என்றால் எனக்கு வராது. ஸ்டாஃப் ரூமில் பத்து பேரிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

10. தெற்குவீதி

மணிமேகலையில் ஒரு இடம் ஞாபகம் வருகிறது. சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை. வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். கண்ணால் காண்பது ஒன்றே சான்று என்கிற பூதவாதியும் அதில் உண்டு. அவனைப் பார்த்து, உன் தாய் தந்தையை ஊகத்தால் அல்லாமல் வேறெப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். நெம்புகோல் சார் ரசிப்பார் என்று நினைக்கிறேன்.

முழுக்கப் பாராட்டவும் முடியவில்லை. எல்லோரிடமும் கேட்டாளே ஒழிய, எங்கே போய்ச் சேரப்போகிறாள் என்பது பௌத்த நூல் எழுதிய புலவருக்கு முன்பே தெரியும். நாமும் பல நேரம் அப்படித்தான் கேட்கிறோம்.

என் கணக்கில் நிஜமாக மாறிய ஆள் வள்ளலார். 1873 அக்டோபர் 22ஆம் தேதி மேட்டுக்குப்பத்தில் கொடி ஏற்றிவிட்டுப் பேசிய பேருபதேசத்தில், சைவ சமயத்தில் தான் முன்பு வைத்திருந்த பற்று அளவு சொல்ல முடியாதது என்கிறார். அதற்குத் தன் பழைய பாடல்களே சாட்சி என்கிறார். அப்போது தனக்கு அறிவு அற்பமாக இருந்தது என்று வெளிப்படையாகச் சொல்கிறார். ஐம்பது வயது. சுற்றி இருப்பவர்கள் அந்தப் பாடல்களுக்காகவே அவரிடம் வந்தவர்கள். நினைத்துப் பாருங்கள், நீங்கள் உருகி எழுதி ஊரே பாடுகிற பாட்டை, அப்போது எனக்கு விவரம் போதாது என்று அந்த ஊரின் முன்னாலேயே நின்று சொல்வது!

சைவனாக எனக்கு அந்த உபதேசம் கசக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை படிப்பேன். பாதியில் மூடி வைத்துவிட்டு மறுநாள் தொடர்ந்ததும் உண்டு.

11. வெந்தயம்

ஆண்களாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

என் பிறந்த வீட்டில் மாதவிலக்கு நாளில் பூஜையறைப் பக்கம் போகக்கூடாது. ஏன் என்று கேட்டால் அடி. கல்யாணம் ஆகிப் பகுத்தறிவு வீட்டுக்கு வந்தேன். இங்கே பூஜையறையே கூடாது. கார்த்திகைக்கு இரண்டு அகல் ஏற்றினேன். மாமனார் ஒரு வார்த்தை பேசவில்லை, ஊதி அணைத்தார். இவ்வளவுக்கும் அவர் மேடையில் அடிக்கடி சொல்லும் கதை, பெரியார் குன்றக்குடி மடத்துக்குப் போனபோது அடிகளார் வைத்த திருநீற்றை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார் என்பது. கூட்டத்தில் கைதட்டல் விழும். நான் சமையலறையில் அந்த அகலைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வீட்டிலும் உறுதி ஒரே மாதிரிதான் இருந்தது. பிறந்த வீட்டில் அடி, இங்கே ஊதல், அவ்வளவுதான். நியாயமாகச் சொன்னால் இந்த வீட்டில் என்னைப் படிக்க வைத்தார்கள், வேலைக்கு அனுப்பினார்கள். அதனால் இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அகல் மட்டும் கூடாது.

12. வழிப்போக்கன்2

இதைத்தான் சொல்கிறேன். "கடவுள் இல்லை, கடவுள் இல்லை, கடவுள் இல்லவே இல்லை" என்று மூன்று தடவை பெரியார் சிலைக்குக் கீழே கல்வெட்டே வைத்திருக்கிறார்கள். இதைவிட உறுதி எந்த மதத்தில் இருக்கிறது? கண்ணதாசன் அந்தக் கூட்டத்திலிருந்து வெளியே வந்து அர்த்தமுள்ள இந்துமதம் எழுதினாரே, அவர் ஒருவர்தான் திறந்த மனசுக்காரர். மற்றவர்கள் எல்லாம் கூலிக்கு

13. மட்டுறுத்துநர்

மேலே உள்ள பதிவின் கடைசி வரியை வெட்டியிருக்கிறேன். வாதம் இருக்கட்டும், வசை வேண்டாம்.

14. பனங்கிழங்கு

வழிப்போக்கன், அந்த வாசகத்தை 1967இல் விடயபுரத்தில் எழுதிக் கொடுத்த அதே மனுசன்தான், நான் சொல்வதற்காக எதையும் நம்பாதே, உன் அறிவுக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள் என்று ஊர் ஊராகச் சொன்னவர். இரண்டும் அவர் பேச்சுத்தான். உங்களுக்குத் தேவையானதை மட்டும் எடுத்தால் எப்படி?

கண்ணதாசன் கதைக்கு வருவோம். நம்ம பக்கம் வந்தால் ஞானம், நம்ம பக்கத்திலிருந்து போனால் புத்தி கெட்டது. ஆன்டனி ஃப்ளூ என்று ஒரு ஆங்கிலேயத் தத்துவப் பேராசிரியர். என்ன நடந்தால் உங்கள் கடவுள் நம்பிக்கை பொய்யென்று ஒப்புக்கொள்வீர்கள் என்று 1950இல் பக்தர்களிடம் கேட்டு ஒரு சின்னக் கட்டுரை வாசித்தார். அரை நூற்றாண்டு நாத்திகர்களின் கையில் இருந்த ஆயுதம் அது. 2004இல் அவரே, ஏதோ ஒரு படைப்பறிவு இருக்கத்தான் வேணும் போல என்று சொல்லிவிட்டார். கிறிஸ்தவர் ஆகவில்லை. அவர் சொன்னது பிரார்த்தனையைக் கேட்காத, மனுசர் விஷயத்தில் தலையிடாத கடவுள். உடனே பழைய நண்பர்கள் என்ன சொன்னார்கள்? வயசாகிவிட்டது, மூளை தளர்ந்துவிட்டது. இந்தப் பக்கம் நின்றவர்கள் முதல் நாளே மாலையோடு வந்துவிட்டார்கள், அவர் சொன்ன கடவுள் தங்கட கடவுள் இல்லை என்பதைக்கூடக் கேட்காமல். அவர் என்ன சொன்னார் என்று இரண்டு பக்கத்திலும் கொஞ்சப் பேர்தான் வாசித்தார்கள்.

இன்னொன்று. எதிர்ப்பக்கத்து நூலைக் கரைத்துக் குடித்தால் மனசு திறந்துவிடும் என்றும் நம்பாதீர்கள். எங்கட ஆறுமுக நாவலர் பெர்சிவல் பாதிரியாருடன் இருந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர். அந்தப் படிப்பை அப்படியே எடுத்துக்கொண்டு போய்ப் பாதிரிமாரோடு வாதாடினார். அது நல்ல வாதம். திறந்த மனசு என்று நாவலரே ஒத்துக்கொள்ள மாட்டார்!

15. நெம்புகோல்

வெந்தயம் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி தூக்கம் கெட்டது. என் மகள் எட்டாவது படிக்கும்போது தோழியோடு சபரிமலை மாலை போட்டவர்கள் வீட்டுப் பூஜைக்குப் போய்விட்டு நெற்றியில் சந்தனத்தோடு வந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. வாசலில் நின்று பார்த்தேன், அவ்வளவுதான். குளியலறைக்குப் போய் அழித்துவிட்டு வந்துதான் சாப்பிட உட்கார்ந்தாள். அன்றைக்கு எனக்கு அது வெற்றி மாதிரி இருந்தது.

இப்போது அவள் ஆராய்ச்சி மாணவி. கடவுள் பற்றி என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் எனக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வாள் என்பது தெரியும்.

16. பரங்கிமலை

கேளுங்கள் சார். பதில் வர நாளாகலாம்.

17. கூழாங்கல்

இழையை ஆரம்பித்துவிட்டுக் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். தைரியம் வரவழைத்துக்கொண்டு மாமாவுக்கே போன் போட்டேன். 78 வயது, காது கொஞ்சம் மந்தம், குரல் பழைய குரல்தான். "அன்னிக்கு ஏன் மாமா வந்து பார்க்கல?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்தார். "பார்த்தேன்டா" என்றார்.

அன்று ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு கோயிலுக்குப் போயிருக்கிறார். நடை சாத்தியிருந்தது. வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். ஆனால் மண்டைக்குள் குடைச்சல். ஸ்பூனில் பால் குறைந்தது என்று நானும் சொன்னேனே, சின்னப் பையன் பொய் சொல்ல மாட்டானே என்று. அடுக்களையில் மிச்சமிருந்த பாலை எடுத்திருக்கிறார். வீட்டில் இருந்த ஒரே சிலை அவர் மேஜை மேல் இருந்த பெரியார் மார்பளவுச் சிலை. தாடி ஓரமாக ஸ்பூனை வைத்திருக்கிறார்.

"குடிச்சாரா மாமா?"

"ரெண்டு ஸ்பூன்டா. நல்லாவே."

யாரிடமும் சொல்லவில்லையாம். சொன்னால் மறுநாள் பெரியாருக்கும் வரிசை கட்டிவிடுவார்கள் என்று பயம். முப்பது வருஷம்! போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போல. பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது. "அது எனக்கு அன்னிக்கே தெரியும். காலைல மேஜை விரிப்புல பால் நாத்தம். சிலையைத் துடைச்சு வச்சதே நான்தானே. கேட்டா ஒத்துக்கவா போறார்னு விட்டுட்டேன்."

அத்தை, அப்படியென்றால் பிள்ளையார் குடித்தது என்று கேட்க வாயெடுத்தேன். போனை வைத்துவிட்டார்கள்.

18. நெம்புகோல்

சிலை வெண்கலமா, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸா? பிளாஸ்டர் என்றால் பாலை உள்ளேயே உறிஞ்சியிருக்கும், அது வேறு கணக்கு. மாமாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். நானும் இன்றைக்கு வீட்டில் ஒன்றை வைத்துப் பார்க்கிறேன்.